ஸ்பீக்கர் கிழியவில்லை, பாட்டே அப்படித்தான்

பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, நைன் இன்ச் நெய்ல்ஸ் கேட்டுத்தான் இண்டஸ்ட்ரியல் இசைக்குள் வந்தேன். இப்போது வேறு எதுவும் காதில் ஏற மாட்டேன் என்கிறது. டிஜே ஆக வேண்டும், ஆல்பங்களுக்கு விமர்சனமும் எழுத வேண்டும் என்று ஆசை. கிளப்பும் ரெக்கார்டு கடையும் இல்லாத திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு இந்த உலகத்தைப் பின்தொடர முடியுமா? வீட்டில் இதை இரைச்சல் என்கிறார்கள்.”

முடியும். வீட்டில் சொல்வதும் சரிதான், இரைச்சல்தான். மின்கருவி, இயந்திரம், இரும்பு என்று கிடைத்ததை வைத்து வேண்டுமென்றே கரகரக்க வைக்கும் இசைதான் இண்டஸ்ட்ரியல். நைன் இன்ச் நெய்ல்ஸ் அதில் புகழ்பெற்ற அமெரிக்கக் குழு. இனி கொஞ்சம் விரிவாக.

நான் 18 வருடமாகக் கல்யாண ரிசப்ஷனுக்கும் கல்லூரி விழாவுக்கும் பாட்டுப் போடுகிறவன். கிட்டத்தட்ட அதே அளவு காலமாக இந்த இசையைக் கேட்டு, அதைப் பற்றி எழுதியும் வருகிறேன். முதல் வேலை சோறு போடுகிறது. இரண்டாவது வேலை அந்தச் சோற்றில் பாதியைத் தின்கிறது. இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சில வருடங்களுக்கு முன் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரிசப்ஷன். மணி ஒன்பதரை. மொய் நோட்டை மூடிவிட்டார்கள், பந்தியில் கடைசி வரிசை, மேடைக்கு முன்னால் மாப்பிள்ளையின் நண்பர்கள் நாலைந்து பேர். இந்த மாதிரி நேரத்தில்தான் நான் என் சொந்தச் சரக்கை எடுப்பேன். ஃப்ரன்ட் 242 என்ற பெல்ஜியக் குழுவின் ‘ஹெட்ஹன்டர்’ போட்டேன், 1988-இல் வந்த பாட்டு. இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. பெண்ணின் தாய்மாமா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வந்தார். “ஏ தம்பி, ஸ்பீக்கர் கிழிஞ்சிட்டு போல இருக்கே, பாத்தியா?” கிழியவில்லை மாமா, பாட்டே அப்படித்தான் என்றேன். அவர் நம்பவில்லை. பேஸ் பாக்ஸ் பக்கம் போய்க் குனிந்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து சொன்னார்: “அடி ஒழுங்காத்தான் விழுது. மேல உள்ள சத்தந்தான் கிழிஞ்சு கெடக்கு.”

அவர் ரைஸ்மில் வைத்திருப்பவர் என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த இசையைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. கீழே கடிகாரம் மாதிரி ஓடும் அடி, மேலே வேண்டுமென்றே கிழிக்கப்பட்ட சத்தம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்கப் பழகுவதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில். டிஜே அடியைக் கையில் வைத்து வேலை செய்கிறவன். விமர்சகன் அந்தக் கிழிசலுக்குக் கணக்குக் கேட்கிறவன்: யார் கிழித்தது, எதை வைத்துக் கிழித்தது, என்னத்துக்காக.

நைன் இன்ச் நெய்ல்ஸிலிருந்து நீங்கள் பின்னால் போக வேண்டும். அவர்களின் முதல் ஆல்பம் 1989. அதற்கு 14 வருடம் முன்பு, 1975-இல், லண்டனில் த்ராபிங் கிரிசில் என்ற நால்வர் குழு தொடங்கியது: ஜெனிசிஸ் பி-ஆரிட்ஜ், கோசி ஃபன்னி டுட்டி, பீட்டர் கிறிஸ்டபர்சன், கிறிஸ் கார்ட்டர். அடுத்த வருடம் சொந்தமாக லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், ஆரம்பித்தார்கள், பெயர் இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ். ‘தொழில்யுக மக்களுக்குத் தொழில்யுக இசை’ என்ற பொருள்படும் வாசகத்தை அவர்களுக்குக் கொடுத்தவர் மான்டி கசாசா என்ற அமெரிக்கக் கலைஞர். இசை வகைக்குப் பெயர் வந்தது இந்த லேபிளிலிருந்துதான். இரும்பைத் தட்டியதால் வந்த பெயர் அல்ல. பலரும் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். 1977-இல் வந்த ஆல்பத்துக்கு ‘இரண்டாவது ஆண்டறிக்கை’ என்று கம்பெனிக் கணக்குப் புத்தகம் மாதிரி ஒரு தலைப்பு வைத்தார்கள். பாட்டும் ஒரு பண்டம், அதைத் தயாரிப்பதும் ஒரு தொழில், அதை எதற்கு மூடி மறைக்க வேண்டும் என்கிற குத்தல் அது. கருவிகளும் கடையில் வாங்கிய மாதிரி இருக்கவில்லை. கார்ட்டர் மின்னணுவியல் தெரிந்தவர், சர்க்யூட்டைத் தானே பற்றவைத்தார். ஆக, முதல் கிழிசல் சாலிடரிங் கம்பியில் பிறந்தது.

இரும்பு வந்தது பெர்லினில். ஐன்ஷ்டூர்ட்சென்டே நொய்பௌடன் என்று ஒரு குழு, ‘இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்’ என்று அர்த்தம். 1980 ஏப்ரல் 1 அன்று அவர்களின் முதல் நிகழ்ச்சி. அடுத்த மாதம் 21-ஆம் தேதி பெர்லினில் காங்கிரஸ் ஹால் என்ற மாநாட்டு மண்டபத்தின் கூரை நிஜமாகவே இடிந்து விழுந்தது. இப்படிப் பெயர்ப் பொருத்தம் அமைவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். டிரம்ஸ் வாசித்த உன்ரூ, கையில் காசில்லாமல் டிரம் செட்டை விற்றுவிட்டார். கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் குப்பையிலும் கிடைத்த தகரம், ஸ்பிரிங், பைப்பு எல்லாம் அதற்குப் பதிலாக வந்தன. அதே 1980-இல் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் உள்ளே இருந்த வெற்றிடத்துக்குள் புகுந்து, அந்த இரும்பையே அடித்து ஒரு கேசட் பதிவு செய்தார்கள். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் பெர்லினுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். நம்ம ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்துக்குக் கீழே, மேல் அடுக்கில் பஸ் ஏறும்போது நின்று கேளுங்கள். காதுக்கு வருவதற்கு முன்பே காலுக்கு வந்துவிடும்.

1984 ஜனவரியில் லண்டனில் ஒரு கலை அரங்கத்தில் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்களும் வேறு சிலரும் ரோடு உடைக்கும் டிரில், கான்கிரீட் மிக்சர் எல்லாவற்றையும் மேடையில் ஏற்றினார்கள். மேடையையே தோண்ட ஆரம்பித்ததும் அரங்கத்துக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். என் அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “இதுக்கு எவம்ல சம்பளம் குடுக்கான்?”

அந்தக் கேள்வி எனக்குப் பெரிய உதவியாக இருந்து வருகிறது. தொழிற்சாலைச் சத்தத்தை வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறவனுக்கும், அந்தச் சத்தத்துக்குள் கூலிக்கு நின்றவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. லண்டனில் 1981-இல் தொடங்கிய டெஸ்ட் டிபார்ட்மென்ட் குழுவை நான் மதிப்பது இதனால்தான். அவர்களும் பழைய இரும்பைத்தான் அடித்தார்கள். ஆனால் 1984-85 நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளர்களோடு நின்றார்கள், தெற்கு வேல்ஸில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் பாடகர் குழுவோடு சேர்ந்து ஒரு ஆல்பமே போட்டார்கள். 1908-இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்திய சீமையிலிருந்து அந்த ஆல்பத்தைக் கேட்டால், அதில் இருப்பது வெறும் இரும்புச் சத்தமாகத் தெரியாது.

ஊர்களைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். கேபரே வோல்டேர் குழு 1973-இல் உருவானது எஃகு ஊரான ஷெஃபீல்டில். லைபாக் 1980-இல் உருவானது ஸ்லோவேனியாவின் சுரங்க ஊரான த்ரபோவ்லேயில். இதில் ஒரு சுவையான உபகதை உண்டு. கேபரே வோல்டேரில் டேப் சுருள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கிறிஸ் வாட்சன் 1981-இல் குழுவை விட்டுப் போய், காட்டுயிர்களின் ஒலிப்பதிவில் உலகப் பெயர் எடுத்தார். டேவிட் அட்டன்பரோவின் நிகழ்ச்சிகளில் நாம் கேட்ட பறவைச் சத்தங்கள் பலவற்றில் அவர் கை இருக்கிறது. இரைச்சலைக் கேட்டுப் பழகிய காது வேறு எதையும் கேட்கும்.

சரி, டிஜே வேலைக்கு வருவோம். உங்களுக்குச் சோறு போடக்கூடிய பகுதி இபிஎம். எலக்ட்ரானிக் பாடி மியூசிக் என்பதன் சுருக்கம். இந்தப் பெயரை ஃப்ரன்ட் 242 தங்கள் 1984 வெளியீட்டில் பயன்படுத்தியதிலிருந்துதான் அது ஒரு வகையின் பெயராக நிலைத்தது. ஜெர்மனியின் டாஃப், இங்கிலாந்தில் எசெக்ஸ் பக்கத்துப் பையன்களான நிட்சர் எப், இவர்களெல்லாம் இந்தக் கிளை. நாலு சம அடி, சீக்வென்சர் என்ற கருவி திருப்பித் திருப்பி வாசிப்பதால் சுற்றிச் சுற்றி வரும் பேஸ், மேலே அதட்டும் குரல். வேகம் பெரும்பாலும் 110-லிருந்து 130 பிபிஎம்முக்குள், அதாவது நிமிடத்துக்கு அத்தனை அடி. அமெரிக்காவில் இந்தச் சரக்கைப் பரப்பியது சிகாகோவின் வாக்ஸ் ட்ராக்ஸ், முதலில் கடை, பிறகு லேபிள். ஜிம் நாஷ், டேனி ஃபிளெஷர் என்ற இருவர் நடத்தியது. மினிஸ்ட்ரி என்ற குழு அந்த வழியில் வந்தது. கிட்டார் உள்ளே வந்து, கூட்டம் பெரிதாகி, கடைசியில் உங்கள் நைன் இன்ச் நெய்ல்ஸ்.

பழைய இபிஎம் பாட்டுகளை மிக்ஸ் செய்ய உட்கார்ந்தால் முதல் நாளே ஒன்று தெரியும். இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாக ஒன்றாக்கும் சாஃப்ட்வேரின் சிங்க் பட்டனை நம்ப முடியாது. டேப்பில் பதிவானது, இசைத்தட்டிலிருந்து மாற்றப்பட்டது என்று வந்த பாட்டுகளின் வேகம் நூலிழை அளவு அலையும். சாஃப்ட்வேர் போடும் கட்டம் மூன்றாவது நிமிடத்தில் அடியிலிருந்து விலகி நிற்கும். முதல் கிக்கில், அதாவது கனமான டிரம் அடியில், நீங்களே கையால் குறி வையுங்கள். ஹெட்போனில் இரண்டு கிக்கும் ஒன்றாக விழும்போது ‘தப்’ என்று ஒரே சத்தம் கேட்கும், விலகும்போது ‘தபப்’ என்று இரட்டிக்கும். அந்த இரட்டிப்பு காதில் பட்டதும் டிஜே கருவியில் இருக்கும் ஜாக் வீல் என்ற வட்டத் தட்டை ஒரு விரலால் லேசாகத் தள்ள வேண்டும். ஒரு மாதம் பழகினால் கை தானாகப் போகும். அடுத்தது சத்த அளவு. 1981 பதிவுக்கும் இன்றைய பதிவுக்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். மேலும் கீழும் தள்ளும் ஃபேடரில் சரிக்கட்டாதீர்கள், பாட்டு உள்ளே வரும் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயினில் சரி செய்துவிட்டுப் பிறகு ஃபேடரைத் தொடுங்கள்.

கிழிந்த சத்தங்கள் இரண்டு ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மணலை அள்ளி மிக்சியில் போட்ட மாதிரி ஆகிவிடும். வெளியே போகும் பாட்டின் நடு அலைவரிசையை முதலில் இறக்குங்கள், அதன் அடி மட்டும் மிஞ்சட்டும். அதன் மேல் புதுப் பாட்டின் கிழிசல் வந்து உட்காரட்டும். கடைசியில் பேஸை மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கிழிசல், அவ்வளவுதான் சூத்திரம். அடியே இல்லாத பாட்டுகளும் உண்டு. த்ராபிங் கிரிசிலின் ‘ஹாம்பர்கர் லேடி’ மாதிரி. அதை எதோடும் மிக்ஸ் பண்ணாதீர்கள். நிகழ்ச்சியின் முதல் பாட்டாகப் போடுங்கள், இல்லையென்றால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது ஒன்று இருக்கிறது. ஒரு கல்லூரி விழாவில் முதல் முறையாக இருபது நிமிடம் முழுக்க இண்டஸ்ட்ரியல் போட அனுமதி கிடைத்தது. குஷியில் மாஸ்டரை ஏற்றிக்கொண்டே போனேன். சாதாரணப் பாட்டென்றால் ஆம்ப் அதன் எல்லையைத் தாண்டும்போது சத்தம் கரகரக்கும், நமக்கே தெரிந்துவிடும். இந்தப் பாட்டுகளோ ஏற்கெனவே கரகரப்பவை. பாட்டின் கரகரப்பு எது, ஆம்ப் அலறுவது எது என்று காது பிரித்துச் சொல்லவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்ததை நான் பார்க்கவும் இல்லை. டாப் பாக்ஸ் இரண்டிலும் டிரைவர் டயாஃபிராம் கருகிவிட்டது. சவுண்ட் சர்வீஸ்காரர் அண்ணன் திட்டவில்லை, பில்லை மட்டும் கொடுத்தார். அன்றைக்கு உண்மையிலேயே ஸ்பீக்கர் போயிருந்தது, ஆனால் ஒருவரும் வந்து கேட்கவில்லை. இந்த இசைக்கு மட்டும் காதை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

நம்ம ஊர் ரிசப்ஷனில் இதை இடையில் நுழைப்பது எப்படி என்று கேட்பீர்கள். குத்துப் பாட்டு முடிந்த கையோடு போடாதீர்கள். நம்ம குத்தில் பாதிக்கு மேல் மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் ஓடுகிறது, இபிஎம் நாலு நாலாக எண்ணும் நேர் சதுஸ்ரம். பிபிஎம் ஒன்றாகக் காட்டினாலும் ஆடுகிறவன் கால் தடுமாறும், தடுமாறியவன் உங்களைத்தான் முறைப்பான். நடுவில் நாலு நாலாக ஓடும் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டைப் பாலமாகப் போட்டு, பிறகு வாருங்கள். இரவு பத்து மணிக்கு எல்லாம் நின்றாக வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. அதனால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்பதரையிலிருந்து பத்து. இதில் கோபப்பட ஒன்றுமில்லை, அரை மணி நேரத்துக்குள் ஒரு கதையைச் சொல்லி முடிக்கப் பழகிவிடுவீர்கள்.

வேகத்தை எப்படிக் கூட்டுவது என்பதை நான் டிஜேக்களிடம் கற்கவில்லை. சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்து பார்த்திருக்கிறீர்களா? தோல்கருவியான மகுடம் இரண்டு, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். அண்ணாவி கதையை இழுத்துப் பாடிக்கொண்டே போவார். மகுடக்காரர்கள் வேகத்தைக் கூட்டுவது தெரியவே தெரியாது. சாமியாடி எழுந்து நின்ற பிறகுதான், அடடா, எப்போது இவ்வளவு வேகம் வந்தது என்று நமக்குப் படும். வாரம் ஒரு டிஜே மிக்ஸ் கேட்கிறீர்கள் என்றால், வருடம் ஒரு கொடையிலாவது ராத்திரி முழுக்க உட்காருங்கள். அதற்காக மகுடமும் இபிஎம்மும் ஒன்று, நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்தான் உலகின் முதல் இண்டஸ்ட்ரியல் கருவி என்றெல்லாம் எழுதக் கிளம்பிவிடாதீர்கள். அப்படி ஒன்றைப் படித்துவிட்டு ஒரு வாரம் எனக்கு வயிற்றெரிச்சல்.

விமர்சனம். இங்கே தமிழ் நமக்குப் பெரிய முதல். ஆங்கிலத்தில் இந்த இசைக்கு எழுதுகிறவர்கள் ஒரே நாலு வார்த்தைகளைத் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். நம்மிடம் கரகர, நறநற, தடதட, சரசர, கிணுகிணு, மடமட என்று இரட்டைக்கிளவி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. தகரம் தடதடக்கும், ஆனால் கிணுகிணுக்காது. சங்கிலி சலசலக்கலாம், நறநறக்க அதற்குப் பல் வேண்டும். நறநற என்று எழுதும்போதே பல் கூசுகிறது பாருங்கள், விமர்சனத்தில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். போன வருடம் ஐரோப்பாவிலிருந்து ஒரு சின்ன லேபிள் கேசட் ஒன்றைக் கேட்கக் கொடுத்தது. முதலில் நான் எழுதிய வரி: ‘மனதை உலுக்கும் அருமையான இரைச்சல்.’ இது வரியே அல்ல, எந்தக் கேசட்டுக்கும் பொருந்தும். அடித்துவிட்டு மறுபடி கேட்டேன். இப்படி வந்தது: ‘சிமெண்டுத் தரையில் தகரத்தை இழுக்கும் சத்தம் நாலு நிமிடம். இழுக்கிறவர் மூச்சு வாங்க நிற்கும் இடத்திலெல்லாம் அந்த மூச்சும் பதிவாகியிருக்கிறது, அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.’ இரண்டாவதைப் படிக்கிறவர் அதை வாங்கலாமா வேண்டாமா என்று தானே முடிவு செய்வார். என் பாராட்டு அவருக்குத் தேவையில்லை.

ஒரு ஆல்பத்தை மூன்று இடத்தில் கேட்ட பிறகுதான் எழுதுவேன்: ஹெட்போனில், வாடகை பாக்ஸில், பாபநாசம் பஸ்ஸில் ஜன்னலோரம். மூன்றாவது இடத்தில் எஞ்சின் சத்தத்தோடு போட்டி போட்டு எது மிஞ்சுகிறதோ அதுதான் அந்த ஆல்பத்தின் எலும்பு. லேபிள் இலவசமாக அனுப்பியதென்றால் அதை எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் அனுப்பும் குறிப்பைக் கேட்டு முடிக்கும்வரை திறக்காதீர்கள். திறந்தால் அதில் உள்ள வார்த்தைகள் உங்கள் பேனாவில் ஒட்டிக்கொள்ளும்.

கொஞ்சம் கசப்பான விஷயம் ஒன்றும் உண்டு. இந்த இசையில் ராணுவ உடுப்பு, கொடி, அணிவகுப்பு என்று நிறையப் பார்ப்பீர்கள். சிலர் அதிகாரத்தின் முகத்தை அதற்கே கண்ணாடியாகக் காட்டுகிறார்கள். லைபாக் அப்படித்தான், அதுவும் சிரிக்காமல் செய்வார்கள். தலைநகர் லூப்ளியானாவின் ஜெர்மன் பெயரைக் குழுவின் பெயராக வைத்துக்கொண்டு, 1983-இல் தொலைக்காட்சியில் உடுப்போடு பேட்டி கொடுத்தார்கள். அதன் பிறகு அந்தப் பெயரைப் பயன்படுத்தவே சில வருடம் தடை. ஆனால் எல்லோரும் லைபாக் அல்ல. சிலருக்கு அந்த உடுப்பு நிஜமாகவே பிடித்திருக்கிறது. யார் எது என்று பழைய பேட்டிகளைத் தோண்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், சத்தம் நன்றாக இருக்கிறதே என்று தாண்டிப் போகாதீர்கள். ஆட்களும் அப்படித்தான். கோசி ஃபன்னி டுட்டி 2017-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் ஜெனிசிஸ் பி-ஆரிட்ஜ் தன்னிடம் வன்முறையாக நடந்துகொண்டதாக எழுதியிருக்கிறார். பி-ஆரிட்ஜ் அதை மறுத்தார், 2020-இல் இறந்தும் போனார். இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் நான் இன்னமும் அந்த ஆல்பங்களைக் கேட்கிறேன். எழுதும்போது இதை மறைப்பதும் இல்லை.

பின்தொடர்வதற்கு வழி என்ன என்ற பகுதி இன்றைக்கு மிகச் சுலபம், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். இசையை விற்கும் இணையதளமான பேண்ட்கேம்பில் பிடித்த லேபிள்களைத் தொடருங்கள். 2020 மார்ச் முதல் சில வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் தங்கள் பங்கை எடுப்பதில்லை, காசு கலைஞர்களுக்குப் போகிறது. வாங்குவதை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக இறக்குங்கள், எம்பி3 வாடகை பாக்ஸில் பல்லிளிக்கும். எந்தப் பதிப்பு எந்த வருடம் என்று சந்தேகம் வந்தால் இசை வெளியீடுகளின் விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் பாருங்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1992 முதல் பெந்தெகொஸ்தே விடுமுறையை ஒட்டி நடக்கும் வேவ்-கோதிக்-ட்ரெஃபன் திருவிழாவின் குழுப் பட்டியலை வருடாவருடம் படித்தால் போதும், அடுத்த ஆறு மாதத்துக்குக் கேட்க வேலை இருக்கும். சம்பளம் முழுவதையும் இதில் போடாதீர்கள். முதலில் நல்ல ஹெட்போன், அப்புறம் செகண்ட் ஹேண்டில் ஒரு கன்ட்ரோலர், அப்புறம் காதடைப்பான். இல்லை, காதடைப்பான்தான் முதலில்.

ஏன் என்று சொல்கிறேன். என் அப்பா ஒரு நூல் மில்லில் ரிங் ஃபிரேம் என்ற நூற்கும் இயந்திரத்தைக் கவனிக்கும் சைடர். ராத்திரி ஷிஃப்டுக்குச் சங்கு ஊதினால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துவிடுவார். எந்த ஃபிரேமில் ஸ்பிண்டில் சரியில்லை என்பதை அடுத்த வரிசையில் நின்றுகொண்டே சொல்லுவாராம். பஞ்சாலையில் பஞ்சுக்குப் பஞ்சமா? அதைத்தான் உருட்டிக் காதில் வைத்துக்கொள்வார். அது அவ்வளவாகத் தடுக்காது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரைச்சலால் காது கெடும்போது முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். ஓய்வு பெற்ற பிறகு ஆண்கள் பேசுவது அவருக்குக் கேட்டது, பேத்தி பேசினால் ‘ச’வும் ‘த’வும் ஒன்றாகக் கேட்டது. குக்கர் விசில் கேட்கவில்லை. அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் ஒன்றின் கணக்கு இது: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் பதினைந்து நிமிடம்தான். ரிசப்ஷன் பாக்ஸ் முன்னால் 100 வெகு சாதாரணம். அப்பாவின் காதை வைத்துச் சம்பாதித்த சோற்றைத் தின்று வளர்ந்துவிட்டு, அதே சத்தத்தை ஆசைக்குக் கேட்கிறேன். இதில் இருக்கும் முரண் எனக்குத் தெரியாமல் இல்லை.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். விமர்சனம் எழுதத் தொடங்கும் முன், உங்கள் பக்கத்தில் ஓடும் ஒரு இயந்திரத்தைப் பத்து நிமிடம் பதிவு செய்து, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். சங்கரன்கோவில் போனால் விசைத்தறி, கயத்தாறு பக்கம் காற்றாலை, எதுவானாலும் சரி. உரிமையாளரிடமும் அங்கே வேலை செய்கிறவர்களிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நான் என் முதல் பதிவுக்கு அந்தத் தாய்மாமாவின் ரைஸ்மில்லுக்குத்தான் போனேன். நம்பர் வாங்கி வைத்திருந்தேன். மனுஷன் டீ வாங்கிக் கொடுத்து, மோட்டாரைப் போட்டுவிட்டு, நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதைச் சிரித்துக்கொண்டே பார்த்தார். பத்து நிமிடம் முடிந்ததும் ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, பதிவானதை ஓட விட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். அரை நிமிடம் ஆனதும் முகம் மாறியது. ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “அடி ஒண்ணு பின்தங்குதே, பெல்ட்டு லூசாயிட்டு போல” என்று சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி, ஸ்பானரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.